எங்கள் கோப்புகளின் சாவி யாரிடம் இருக்கிறது?

கிளிநொச்சியில் நான் நடத்துவது ஒரு சிறிய தட்டச்சு, போட்டோக் கொப்பிக் கடை. மீள்குடியேற்றத்துக்குப் பின்னர் ஒரு கணினி, ஒரு பிறிண்டர், வாடகைக்கு எடுத்த ஓர் அறை என்று தொடங்கியது. காணிக் கடிதம், வீட்டுத்திட்ட மேன்முறையீடு, பிறப்புச் சான்றிதழ் விண்ணப்பம் என்று எல்லாம் வரும். ஆனால் அதிகம் தட்டச்சு செய்தது காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் கொண்டுவந்த முறைப்பாடுகளைத்தான். 2010 இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு வந்தபோது ஒரு தடவை. 2013 இல் பரணகம ஆணைக்குழு அமைக்கப்பட்ட பிறகு இன்னொரு தடவை. 2018 இல் காணாமல் போனோர் பற்றிய அலுவலகம் இயங்கத் தொடங்கியதும் மறுபடியும். ஒரே அம்மாவுக்காக ஒரே கதையை மூன்று தடவை தட்டச்சு செய்திருக்கிறேன்.

அப்படி ஓர் அம்மா அண்மையில் பென் ட்ரைவ் ஒன்றைக் கொண்டுவந்தார். "தம்பி, பழைய கடிதம் இதுக்குள்ள இருக்கு. திரும்பவும் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கினம். ஒரு பிறிண்ட் எடுத்துத் தாங்கோ" என்றார். கடிதம் என் கடையில் நான் தட்டச்சு செய்ததுதான். ஆனால் கணினி புதிது. பழையதைக் கைவிட்டு, பாவித்த கணினி ஒன்றை வாங்கி இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. கோப்பைத் திறந்தேன். திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். "நான் தமிழிலதானே சொன்னனான். இதேன் இங்கிலிசில கிடக்கு?"

பிழை பெரிதல்ல. பாமினி எழுத்துருவை நான் புதிய கணினியில் ஏற்றியிருக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் ஏற்றினேன், கடிதம் தமிழில் வந்தது. அதை மின்னஞ்சலில் அனுப்புவதற்காக யுனிகோட்டுக்கு மாற்றியபோதுதான் அடுத்த பிழை தெரிந்தது. மகனின் அடையாள அட்டை இலக்கத்தின் கடைசியில் இருந்த 'வி' என்ற ஆங்கில எழுத்து, 'ஏ' என்ற தமிழ் எழுத்தாக மாறியிருந்தது. கவனிக்காமல் அனுப்பியிருந்தால், ஒரு பிள்ளையை அடையாளம் காட்டும் இலக்கமே பிழையாகப் போயிருக்கும்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. எங்கள் சாட்சியங்களை எதில் எழுதி வைத்திருக்கிறோம்? அதைத் திறக்கும் சாவி யாரிடம் இருக்கிறது?

ஒரு காலக்கெடு

கணினியை ஏன் மாற்றினேன் என்பதைச் சொல்ல வேண்டும். 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 க்கான வழமையான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசொப்ட் நிறுத்திக்கொண்டது. தனிப்பட்ட பாவனையாளர்களுக்கு மேலும் ஒரு வருடத்துக்கு நீடிப்பு ஒன்றை, சில நிபந்தனைகளுடன், அறிவித்தது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, ரிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும் ஓரளவு புதிய செயலியையும் கேட்கிறது. இன்ரெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். எங்கள் பக்கத்துக் கடைகளிலும் சனசமூக நிலையங்களிலும் இருக்கும் கணினிகளில் பல அதைவிடப் பழையவை. அவை பழுதாகவில்லை. நன்றாகத்தான் ஓடுகின்றன. ஆனால் வேறெங்கோ எடுக்கப்பட்ட ஒரு முடிவினால் அவை காலாவதியாகின்றன.

விண்டோஸ் 11 வீட்டுப் பதிப்பின் அமெரிக்க விலை 139 டொலர். டொலர் ஒன்றை 300 ரூபா என்று வைத்தாலே 41,000 ரூபாவைத் தாண்டுகிறது. 2025 ஏப்ரலில் இலங்கையில் தனியார் துறைக்கான ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 27,000 ரூபா. ஒருவர் ஒன்றரை மாதம் உழைத்தால்தான் மென்பொருளை மட்டும் சட்டப்படி வாங்கலாம். அதற்குப் பிறகுதான் கணினி, பிறிண்டர், மின்சாரம் எல்லாம்.

இதைச் சொன்னால் எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். "உதுக்கு ஆர் காசு குடுக்கிறான்? கள்ளக் கொப்பி போட்டாச் சரிதானே." மென்பொருள் பற்றி எங்களிடையே உள்ள முதலாவது அபிப்பிராயம் இதுதான்.

கள்ளக் கொப்பி யாருக்கு உதவியது?

நானும் கள்ளக் கொப்பியில் தொழில் பழகியவன்தான். பாதை திறந்த காலத்தில் இறுவட்டு நூறு, இருநூறு ரூபாவுக்கு வரும். அதைக் குற்றம் என்று எவரும் நினைக்கவில்லை. பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த ஊரில், எதையாவது எப்படியாவது கொண்டுவந்து ஓடவைப்பதே கெட்டித்தனம். அந்த மனநிலையை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அதனால் ஒன்று நடந்தது. உரிமம் என்ற சொல் எங்களைப் பொறுத்தவரை விலையைப் பற்றிய சொல்லாகச் சுருங்கிவிட்டது. காசு கொடுக்கவில்லை, ஆகவே உரிமம் எங்களைப் பாதிக்காது என்று நினைத்தோம். உண்மையில் உரிமம் என்பது, நீங்கள் இந்தப் பொருளை வைத்து என்ன செய்யலாம், யார் அதைத் திருத்தலாம், எப்போது அது நின்றுபோகும் என்பவற்றைத் தீர்மானிக்கும் ஒப்பந்தம். கள்ளக் கொப்பி விலையிலிருந்து மட்டும்தான் விடுதலை தந்தது. மற்ற எல்லாவற்றிலும் நாங்கள் கட்டுப்பட்டே இருந்தோம்.

அச்சகக்காரரைக் கேட்டால் விளங்கும். ஒரு காலத்தில் எங்கள் நினைவு மலர்களும் கல்வெட்டுகளும் சஞ்சிகைகளும் பேஜ்மேக்கரில்தான் பக்கம் அமைக்கப்பட்டன. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001 இல். பின்னர் அடோபி அதை வளர்ப்பதை நிறுத்தி, இன்டிசைனுக்கு மாறும்படி சொன்னது. சிஎஸ்6 வரையான இன்டிசைன் பழைய பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறந்தது. அதற்குப் பிந்தியவை திறப்பதில்லை. 2013 இல் அடோபி தனது புதிய மென்பொருள்களை மாதச் சந்தாவுக்கு மாற்றியது. எங்கள் பக்கங்கள் எங்களுடையவை, எழுத்து எங்களுடையது, துக்கம் எங்களுடையது. திறக்கும் உரிமை மட்டும் எங்களுடையதாக இருக்கவில்லை.

சட்டப் பக்கமும் இருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இலங்கையில் கணினி மென்பொருளைப் பாதுகாக்கிறது. சாதாரண நாட்களில் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் ஒருவரை நெருக்க வேண்டும் என்று அதிகாரம் முடிவெடுத்தால் எந்தச் சட்டமும் உதவும். ரஷ்யாவில் நடந்ததை நாங்கள் தெரிந்திருக்க வேண்டும். 2010 ஜனவரியில், பைக்கால் ஏரியைப் பாதுகாக்கப் போராடிய பைக்கால் சுற்றுச்சூழல் அலை என்ற அமைப்பின் இர்குட்ஸ்க் அலுவலகத்துக்குள் பொலிஸார் புகுந்து கணினிகளை அள்ளிச் சென்றனர். சொன்ன காரணம், கள்ள மைக்ரோசொப்ட் மென்பொருள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். தங்களிடம் முறையான உரிமம் இருப்பதாக அமைப்பினர் சொன்னார்கள். அதே ஆண்டு நியூயோர்க் ரைம்ஸ் இதை வெளிக்கொண்டுவந்த பிறகு, அரசசார்பற்ற அமைப்புகளுக்கும் சுயாதீன ஊடகங்களுக்கும் இலவச உரிமம் தருவதாக மைக்ரோசொப்ட் அறிவித்தது. உரிமம் உள்ளவர்களுக்கே இந்த நிலை என்றால், கள்ளக் கொப்பியில் சாட்சியங்களைச் சேகரித்து வைத்திருக்கும் எங்கள் அமைப்புகளின் கதவு எவ்வளவு திறந்து கிடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

இலவசம் வேறு, சுதந்திரம் வேறு

இரண்டாவது அபிப்பிராயம் இளையவர்களுடையது. "அண்ணை, இப்ப எல்லாம் இலவசம்தானே. கூகுளில போட்டு வையுங்கோ, பேஸ்புக்கில போட்டு வையுங்கோ."

கூகுள் போட்டோஸ் அளவு கட்டுப்பாடில்லாமல் படங்களை இலவசமாக வைத்திருந்தது. 2021 ஜூன் 1 ஆம் திகதியுடன் அது முடிந்தது. அதன்பின் ஏற்றப்படும் படங்கள் 15 ஜிபி எல்லைக்குள் எண்ணப்படுகின்றன. 2023 மே மாதத்தில், இரண்டு வருடங்களாகப் பாவிக்கப்படாத தனிநபர் கணக்குகளை அழிக்கப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தது. டிசெம்பரிலிருந்து அழிக்கத் தொடங்கலாம் என்றது. மற்றவர்களுக்கு இது நல்ல பாதுகாப்பு ஏற்பாடாக இருக்கலாம். எங்களுக்கு அப்படியல்ல. இறந்துபோன ஒருவரின் கணக்கை யார் திறந்து பார்ப்பது? வன்னியில் ஆல்பங்கள் எல்லாம் பதுங்குகுழிகளோடு போய்விட்டன. மிஞ்சிய படங்கள் வெளிநாட்டிலுள்ள உறவினரிடமிருந்து வந்தவை. அந்த உறவினரும் முதுமையடைந்துவிட்டனர். ஒரு சித்தப்பாவின் கடவுச்சொல்லோடு ஒரு குடும்பத்தின் முகங்கள் முழுவதும் போய்விடக்கூடும்.

சிரியாவில் இதைவிடப் பெரிதாக நடந்தது. அங்குள்ளவர்கள் போர்க்குற்றங்களைப் படம்பிடித்து யூரியூப்பில் ஏற்றினார்கள். 2017 இல் யூரியூப், தீவிரவாத உள்ளடக்கத்தைத் தானாகக் கண்டுபிடிக்கும் முறையைக் கொண்டுவந்தபோது, சாட்சியமாக வைக்கப்பட்ட ஆயிரக்கணக்கான காணொளிகளும் அகற்றப்பட்டன. சிரிய ஆவணக் காப்பகம் என்ற அமைப்பு, திறந்த மூல மென்பொருள்களைக் கொண்டு முன்கூட்டியே பிரதிகளைச் சேமித்து வைத்திருந்ததால் பல காணொளிகள் தப்பின. நவம்பர் மாதத்தில் நினைவேந்தல் படம் போட்டு, பேஸ்புக் கணக்கு முடக்கப்பட்ட அனுபவம் உள்ள எங்கள் வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல்லைப் பாவிக்கிறார்கள். 1983 இல் றிச்சர்ட் ஸ்டோல்மன் சுதந்திர மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய நாளிலிருந்து, தான் விலையைப் பற்றிப் பேசவில்லை என்று அவர் விளக்கிக்கொண்டே இருக்கவேண்டி வந்தது. ஒரு மென்பொருளை விரும்பிய தேவைக்கு ஓடவைக்கலாம், அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்து மாற்றலாம், மற்றவருக்குப் பிரதி கொடுக்கலாம், மாற்றிய பிரதியையும் பகிரலாம். இந்த நான்கும் பாவிப்பவரின் உரிமை என்பதே அவருடைய வாதம். தமிழில் எங்களுக்கு இரண்டு தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. அதைவிட, நலன்புரி முகாமில் வரிசையில் நின்ற எங்களுக்கு அனுபவமும் இருக்கிறது. நிவாரண அரிசியும் இலவசம்தான். ஆனால் எப்போது தருவார்கள், எவ்வளவு தருவார்கள், எப்போது நிறுத்துவார்கள் என்பது தருபவரின் கையில் இருந்தது. சொந்தக் காணியில் விளைந்த நெல்லுக்கு அந்தக் கேள்விகள் இல்லை. கூகுள் தருவது முதலாவது வகை. சுதந்திர மென்பொருள் இரண்டாவது வகை. இரண்டாவதில் உழைப்பு அதிகம் என்பதையும் மறைக்கத் தேவையில்லை.

இந்த நாட்டிலேயே செய்யப்பட்ட ஒன்று

"உதெல்லாம் வெள்ளைக்காரன்ரை வேலை, எங்களால ஏலுமே?" என்பது மூன்றாவது அபிப்பிராயம். இதற்குப் பதில் இலங்கையிலேயே இருக்கிறது.

2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் சில கிழமைகளுக்குள், இலங்கையின் மென்பொருள் துறைத் தொண்டர்கள் கூடி சஹானா என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். சிங்களத்தில் அந்தச் சொல்லுக்கு நிவாரணம் என்று பொருள். முகாம்களின் பதிவேடு, உதவி அமைப்புகளின் பதிவேடு, தேவைகளின் பதிவேடு ஆகியவற்றோடு காணாமற்போனோர் பதிவேடும் அதில் இருந்தது. பிரிந்துபோன ஒருவரின் பெயர், அடையாளம், கடைசியாகக் காணப்பட்ட இடம் என்பவற்றைப் பதிந்து தேடுவதற்கான ஏற்பாடு. அதை எவரும் எடுத்துப் பாவிக்கலாம், மாற்றலாம் என்ற சுதந்திர உரிமத்தில் வெளியிட்டார்கள். 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெயிட்டி நிலநடுக்கத்திலும் அது பாவிக்கப்பட்டது. சமூக நன்மைக்கான திட்டங்களுக்குச் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை வழங்கும் விருது 2006 இல் சஹானாவுக்குக் கிடைத்தது.

நான் இதை வாசித்தபோது பெருமையும் கசப்பும் சேர்ந்தே வந்தன. காணாமற்போனவரைத் தேடும் மென்பொருளை உலகத்துக்கே கொடுத்த நாடு இது. அதே நாட்டில், 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கிய தாய்மாரின் போராட்டம் ஆண்டுக்கணக்காகப் பதிலின்றித் தொடர்ந்தது. எனவே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மென்பொருள் இல்லாததால் எங்கள் பிள்ளைகள் தேடப்படாமல் இருக்கவில்லை. தேடும் விருப்பம் அரசுக்கு இல்லாததால்தான். எந்தக் கணினியும் அந்த விருப்பத்தை உண்டாக்காது.

ஆனால் அந்த விருப்பம் ஒருநாள் வந்தால், அல்லது ஒரு சர்வதேசப் பொறிமுறை வந்தால், கொடுப்பதற்கு எங்களிடம் என்ன இருக்கிறது? கைக்கணினியோடு வந்து எங்கள் பெயர்களைப் பதிந்துபோன நிறுவனங்கள் பல. நிதி முடிந்ததும் அவை போய்விட்டன. அந்தப் பதிவுகள் எந்த நாட்டில், எந்தச் சேவையகத்தில் இருக்கின்றன என்று இங்கு எவருக்கும் தெரியாது. மிஞ்சியிருப்பது என்னைப் போன்றவர்களின் கடைகளில் கிடக்கும் பாமினிக் கோப்புகள்தான்.

பாமினியில் 'அம்மா' என்று அடித்தால், கணினி உள்ளே சேமிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளைத்தான். எழுத்துரு அதற்குத் தமிழ் முகமூடி போடுகிறது. முகமூடி இல்லாவிட்டால் தமிழ் இல்லை. தேடினாலும் பெயர் அகப்படாது. தமிழுக்கு யுனிகோட்டில் 1991 இலேயே இடம் கிடைத்தது. விண்டோஸ் 2000 இலிருந்து அதற்கு ஆதரவும் வந்தது. நாங்கள் மாறாமல் இருந்தது எந்தக் கொம்பனியின் குற்றமும் இல்லை. கை பழகிவிட்டது, அவ்வளவுதான்.

எங்களாலும் முடியும் என்பதற்கு நூலகம் திட்டம் சாட்சி. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம், விக்கிப்பீடியாவை இயக்கும் அதே மீடியாவிக்கி என்ற சுதந்திர மென்பொருளின் மேல்தான் நிற்கிறது. எந்தக் கொம்பனியும் சந்தாவைக் கூட்டியோ சேவையை நிறுத்தியோ அதை மூட முடியாது. பிரதி எடுத்து வேறிடத்தில் மறுபடி நிறுத்தலாம். ஒரு தடவை நூலகம் எரிந்த சமூகத்துக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை.

என்ன செய்யலாம்?

எல்லாவற்றையும் உடனே லினக்ஸுக்கு மாற்றுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. கலியாண வீட்டு ஸ்ரூடியோக்காரருக்கும் கணக்காளருக்கும் அவரவர் மென்பொருள் தேவை. பழுதென்றால் பார்க்க ஊரில் ஆள் இருக்கவேண்டும். ஆனால் கடிதம் அடிக்கும் கடைக்கும், சனசமூக நிலையத்துக்கும், மாதர் சங்கத்துக்கும், விண்டோஸ் 11 ஏறாத அந்தப் பழைய கணினியில் லினக்ஸும் லிபர் ஒபிஸும் போதும். கேரளத்தின் அரச பாடசாலைகள் சுதந்திர மென்பொருளில் கணினி கற்பித்து ஒரு தலைமுறை வெளியே வந்துவிட்டது. பாமினி விசைப்பலகைக்குப் பழகிய கையும் வீணாகாது. அதே விசைகளை அழுத்தி யுனிகோட்டில் எழுத வைக்கும் இ-கலப்பை போன்ற கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

கோப்புகளைப் பொறுத்தவரை நான் இப்போது செய்வது இதுதான். பாமினிக் கோப்பை யுனிகோட்டுக்கு மாற்றுகிறேன். மாற்றியதை அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டு வரிவரியாக வாசிக்கிறேன். அடையாள அட்டை இலக்கம், ஆங்கிலச் சொற்கள், முகவரிகள் ஆகியவற்றில்தான் பிழை வரும். பிறகு திறந்த ஆவண வடிவில் ஒன்று, பிடிஎப் ஆக ஒன்று சேமிக்கிறேன். பழைய கோப்பை அழிப்பதில்லை. மூலம் மூலமாகவே இருக்கட்டும். பிரதிகளைக் குறைந்தது மூன்று இடங்களில் வைக்கும்படி சொல்கிறேன். அவற்றில் ஒன்றாவது எந்தக் கொம்பனியின் கணக்கிலும் தங்கியிராத இடமாக இருக்க வேண்டும். கூகுளில் படம் வைத்திருப்பவர்கள், கணக்கு செயலற்றுப்போனால் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்ற தெரிவை இன்றே நிரப்புங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. "திறந்த மூலம் எண்டால் எங்கட விசயம் எல்லாம் ஊருக்குத் தெரியுமோ?" என்று ஒருவர் கேட்டார். இல்லை. மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதுதான் திறந்தது. சாட்சி சொன்னவரின் பெயரும் முகவரியும் பூட்டப்பட்டே இருக்க வேண்டும். அதனால்தான் எழுத்துரு மாற்றுவதைக்கூட இணையத்தில் முன்பின் தெரியாத தளங்களில் ஒட்டிச் செய்யாமல், கடைக் கணினியிலேயே செய்யுங்கள்.

இனி எங்களிடம் தரவு கேட்டு வரும் நிறுவனத்திடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். பதிவை எந்த மென்பொருளில் வைப்பீர்கள்? நாங்கள் திறக்கக்கூடிய வடிவில் எங்களுக்கு ஒரு பிரதி தருவீர்களா? நீங்கள் போன பிறகு அது யாரிடம் இருக்கும்? இவை தொழில்நுட்பக் கேள்விகள் அல்ல. ஒரு சமூகம் தன் சாட்சியத்தைத் தானே வைத்திருக்கிறதா என்ற அரசியல் கேள்விகள்.

அந்த அம்மாவுக்குக் கடிதத்தைத் திருத்தி அச்செடுத்துக் கொடுத்தேன். அடையாள அட்டை இலக்கத்தை அவர் வாயால் சொல்ல, நான் திரையில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். பதினாறு வருடமாகப் பார்க்காத பிள்ளையின் இலக்கம் அவருக்கு மனப்பாடம். பென் ட்ரைவைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு, "அடுத்த முறை கூப்பிட்டாலும் இது திறக்கும்தானே தம்பி?" என்று கேட்டார்.

திறக்கும் என்றேன். அந்தக் கடிதத்துக்கு அப்படிச் சொல்ல முடிந்தது. என் கடையின் பழைய வன்தட்டில் இன்னும் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. இரவில் கடை பூட்டிய பிறகு நாளுக்கு ஐந்தாக மாற்றிக்கொண்டிருக்கிறேன்.